துளசி டீ வைரஸைக் கொல்லுமுங்களா?

கேள்வி: லேப்லயே நிரூபிச்சுட்டாங்கன்னு எங்கூட்டுக்காரரு தினமும் மூணு டம்ளர் துளசி டீ காய்ச்சச் சொல்றாருங்க, நெசமுங்களா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: லேப்ல டெஸ்ட் பண்றது நெசந்தானுங்க அம்மிணி, ஆனா அது எப்படின்னா, லேப் தட்டுல செல்லை (உயிரணுவை) வளர்த்து அதுல வைரஸையும் டீயையும் விட்டு எத்தனை செல் தப்பிச்சுதுன்னு பார்க்கறது. டீ ரொம்ப திக்கா இருந்தா அதுவே செல்லைக் கொன்னுபோடும், அதனால வைரஸ் இல்லாம வெறும் டீயை விட்டும் ஒருக்கா பார்ப்பாங்க. கொரோனா சமயத்துல ஜெர்மனில சேஜ், பெரில்லாங்கற மூலிகைகளோட இலை டீ ரெண்டும் தட்டுல வைரஸைத் தடுத்துச்சு. ரெண்டும் துளசி குடும்பந்தான், அதுக்காக பங்காளி செஞ்சதை துளசியும் செய்யும்னு சொல்லமுடியாதுங்க. தட்டுல டீ நேரா செல் மேல படுது, நாம குடிச்சா வயித்துல செரிச்சு, ஈரல்ல உடைஞ்சு, நுரையீரலுக்குப் போறப்ப எவ்வளவு மிஞ்சுமுங்க? தொண்டைக்கு இதமா ஒரு டம்ளர் போதும், காய்ச்சல் விடலைன்னா டாக்டர்கிட்ட போயிருங்க. மூணுதான் வேணும்னா அவரையே காய்ச்சிக்கச் சொல்லுங்க.