ஆஸ்துமா கேள்வி பதில்: வீசிங் நின்ற பிறகும் பம்ப் எதற்கு?

வடசென்னையிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன். நான் நோய் எதிர்ப்பியல் பாடம் நடத்துபவள். மருந்தின் அளவை மட்டும் உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

கொருக்குப்பேட்டை அம்மா ஒருவர்: பையனுக்கு 9 வயது. வீசிங் நின்று ஒரு மாதமாகிறது. ஸ்டீராய்டு பம்ப்பை இன்னும் தொடரச் சொல்கிறார்கள். எதற்கு மேடம்?

இழுப்பு நின்றுவிட்டதால் மூச்சுக்குழல் வீக்கமும் வடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை அம்மா. எதிர்ப்புச் செல்கள் சைட்டோகைன் என்ற சிறு புரதங்களை விட்டுத்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. குழந்தைகளின் அலர்ஜி ஆஸ்துமாவில் மூன்று புரதங்கள் முக்கியம். இன்டர்லியூக்கின்-4, ஐஜிஇ என்ற அலர்ஜி எதிர்ப்பொருள் உருவாகத் தூண்டும். இன்டர்லியூக்கின்-5, எலும்பு மஜ்ஜையில் இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்களை வளர்த்து, அவை சீக்கிரம் சாகாமல் காக்கும். இன்டர்லியூக்கின்-13 சளியைப் பெருக்கும். லேசான தூசிக்கே குழாய்த் தசை இறுகும்படி செய்யும்.

நீல பம்ப்பில் இருக்கும் சால்பியூட்டமால், இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். வீக்கத்தை அது தொடுவதே இல்லை. இந்தப் புரதங்களின் உற்பத்தியைச் செல்லுக்குள்ளேயே குறைப்பது ஸ்டீராய்டுதான். அதற்கு நாட்கள், சில சமயம் வாரங்கள் பிடிக்கும். நாமாக நிறுத்தினால் வீக்கம் மறுபடி தலைதூக்கும். பயப்படாதீர்கள், பம்ப்பில் போகும் அளவு மைக்ரோகிராம் கணக்கு, மாத்திரையைவிட மிகக் குறைவு. ஸ்பேசர் (பம்ப்பின் வாயில் மாட்டும் குழாய்) வைத்துக் கொடுங்கள், அடித்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

மணலியில் கன்டெய்னர் லாரி ஓட்டும் ஒருவர்: அலர்ஜி டெஸ்டில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் இழுக்கிறது. நீல பம்ப்பை வைத்தே சமாளிக்கிறேன்.

அலர்ஜி இல்லாமலும் ஆஸ்துமா வரும் அண்ணா. டீசல் புகையோ வைரஸோ மூச்சுக்குழலின் உள்தோலைக் காயப்படுத்தினால், அந்தத் தோலே டிஎஸ்எல்பி, இன்டர்லியூக்கின்-33 போன்ற அபாய அறிவிப்புகளை வெளியிடும். ஐஎல்சி-2 என்ற செல்கள் அதைக் கேட்டு, ஐஜிஇ இல்லாமலேயே இன்டர்லியூக்கின்-5, 13 இரண்டையும் சுரக்கும். துறைமுகத்துக்குள் நுழைய லாரிகள் வரிசையில் இன்ஜினை ஓடவிட்டு நிற்கும் ஊரில், இதை உங்கள் உடம்பின் கோளாறு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நீல பம்ப் மட்டும் போதாது. 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதலே பெரியவர்களுக்கு அதைத் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. பீடி, சிகரெட் உண்டென்றால் விட்டுவிடுங்கள்; புகைப்பவருக்கு ஸ்டீராய்டு சரியாக வேலை செய்யாது.

வியாசர்பாடி வாசகர்: எதிர்ப்பு சக்தி கூட்டும் கஷாயம் உதவுமா?

ஆஸ்துமா எதிர்ப்பு சக்தி குறைந்து வருவதல்ல. தேவையில்லாத இடத்தில் அது வேலை செய்வதால் வருவது. கஷாயத்தை நம்பி பம்ப்பை விட வேண்டாம்.

நுண்ணுயிரியல் மாணவி, தண்டையார்பேட்டை: இன்டர்லியூக்கின்-5ஐத் தடுக்கும் ஊசி மருந்து முதலில் ஏன் தோற்றது?

நல்ல கேள்வி. மெபோலிசுமாப் என்ற அந்த மருந்தை முதலில் இயோசினோஃபில் அளவைப் பார்க்காமல் பலருக்கும் கொடுத்தார்கள். பெரிய பலன் தெரியவில்லை. இயோசினோஃபில் கூடுதலாக இருந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்த ஆய்வுகள் 2009இல் வந்தன. அவர்களுக்குக் கடும் தாக்குதல்கள் குறைந்தன. 2015இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்தில் குறையில்லை, ஆளைத் தேர்ந்ததில்தான் குறை. ஆஸ்துமாவைப் பொறுத்தவரை இன்றும் அது கடும் வகைக்கு மட்டும்தான், விலையும் அதிகம்.

எண்ணூர் வாசகர்: போகிப் புகைக்கு என்ன செய்வது?

விடியற்காலையில் ஜன்னலைச் சாத்தி உள்ளேயே இருங்கள். தினசரி பம்ப்பை அதற்கு முந்தைய வாரங்களில் ஒரு நாளும் விடாதீர்கள். பேசும்போது ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ காத்திருக்க வேண்டாம். நீல பம்ப்பை அடித்துக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.