‘எங்கக்கா போவேன்?’

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறேன். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். சட்ட உதவிக்கான பி.எல்.வி. (பாரா லீகல் வாலண்டியர்) தொண்டராக ஒரு ஜெயிலுக்குப் போய் வருகிறேன். பயிற்சி ஒன்றில், தற்கொலை எண்ணம் உள்ளவர்களோடு உட்கார்ந்து எழுத ‘சேஃப்டி பிளான்’ என்று ஒரு பக்கப் படிவம் கொடுத்தார்கள். பொள்ளாச்சிக்காரப் பையன் ஒருவன், லாரி கிளீனர், ரிமாண்டில் இருக்கிறான். “இருந்து என்னக்கா பண்ணப் போறேன்” என்றான். படிவத்தை எடுத்தேன். ‘மனதை மாற்ற எங்கே போவீர்கள்?’ என்று படித்ததும், “எங்கக்கா போவேன், பாத்ரூமுக்கா?” என்று சிரித்தான். ‘யாருக்கு ஃபோன் செய்வீர்கள்’, ‘வீட்டில் உள்ள ஆபத்தான பொருட்களை எப்படி அகற்றுவீர்கள்’ என்பதையெல்லாம் கேட்கவே கூச்சமாகிவிட்டது. மடித்து வைத்துவிட்டேன். இந்தப் படிவத்தை அங்கே பயன்படுத்த முடியுமா? “வார்டன்கிட்ட சொல்லிடாதீங்க” என்றும் கேட்டுக்கொண்டான். சொல்வதா, வேண்டாமா?

– ஒரு வாசகி, பாலக்காடு மாவட்டம்

பதில்: இரண்டாவது கேள்வி காத்திருக்காது. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சொல்ல வேண்டும், சகோதரி. இன்றைக்கே. ஆனால் அவருக்குத் தெரியாமல் சொல்லாதீர்கள். “உன் வழக்கு, உன் வீட்டு விஷயம் எதையும் வெளியே சொல்ல மாட்டேன். உயிர் சம்பந்தப்பட்டதை மட்டும் மறைக்க என்னால் முடியாது. யாரிடம், எப்படிச் சொல்லலாம் என்று நீயே சொல்” என்று அவரிடமே பேசுங்கள். கேட்டில் நிற்கும் வார்டனிடம் போகிறபோக்கில் சொல்லிவிட்டு வந்தால் சாயங்காலத்துக்குள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும். சூப்ரண்டிடமும் சிறை மருத்துவரிடமும் நேரில் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். தனி செல்லில் போட்டுவிடாமல், ஆட்களோடு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ‘கண்காணிப்பு’ என்ற பெயரில் தனியே அடைப்பதுதான் பல இடங்களில் முதலில் தோன்றும் யோசனை. தனிமை ஆபத்தைக் கூட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சிறைகளுக்காக வெளியிட்ட கையேட்டிலேயே எச்சரித்திருக்கிறது.

வெளியே தெரிந்தால் இன்னொரு கேஸ் போடுவார்களோ என்ற பயமும் அவருக்கு இருக்கலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர், வேறு விதமாக நிரூபிக்கப்படாத வரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. முயற்சிக்கே அப்படி என்றால், மனதில் இருப்பதைச் சொன்னதற்கு என்ன பயம்? இதை அவருக்குச் சொல்லுங்கள்.

ஒன்று கேட்கிறேன். “இருந்து என்ன பண்ணப் போறேன்” என்றாரே, “சாகணும்னு நினைக்கிறியா?” என்று நேராகக் கேட்டீர்களா? பலர் கேட்பதில்லை. கேட்டால் அந்த நினைப்பை நாமே ஊட்டிவிடுவோமோ என்ற தயக்கம். அப்படி ஆவதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் பலர் காத்திருக்கிறார்கள். அப்புறம், சத்தியம் வாங்காதீர்கள். “அக்கா மேல சத்தியமா பண்ண மாட்டேன்னு சொல்லு” என்பது நம் ஊர்ப் பழக்கம். அதனால் ஒன்றும் நிற்காது. அடுத்த தடவை எண்ணம் வரும்போது, சத்தியம் செய்த வெட்கத்தில் உங்களிடமே மறைப்பார்.

இனி படிவம். பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கியது அது. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு வந்துவிட்டு வீடு திரும்புகிறவர்களை நினைத்து எழுதப்பட்டது. கையில் ஃபோன், வாசலில் தெரு, கூப்பிட்டால் வர ஒரு நண்பன் எல்லாம் உண்டு என்ற நினைப்பு அதன் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. அதை அப்படியே ஜெயிலுக்குள் கொண்டுபோனால் இல்லாத ஊருக்கு வழி கேட்ட கதைதான். பையன் சிரித்ததில் தப்பே இல்லை.

ஆனாலும் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு வரியிலும், ‘இது யார் கையில் இருக்கிறது?’ என்று பாருங்கள். அவர் கையில் இருப்பதை மட்டும் அவரை எழுதச் சொல்லுங்கள். மற்றதை அது யார் கையில் இருக்கிறதோ அவரிடம் நீங்கள் கொண்டுபோக வேண்டும்.

எச்சரிக்கை அறிகுறிகள் அவருக்கு மட்டுமே தெரிந்தவை. வெளியில் இருப்பவருக்கு அது ஒரு மனநிலை. உள்ளே இருப்பவருக்குப் பெரும்பாலும் ஒரு தேதி, ஒரு நேரம். உள்ளே வந்த முதல் சில நாட்கள், வாய்தா தள்ளிப்போன நாள், ஜாமீன் மனு தள்ளுபடியான நாள், மனுப் பார்க்க (ஜெயிலில் நேரில் சந்திக்க) வீட்டில் யாரும் வராத வாரம், வந்து அழுதுவிட்டுப் போன அன்றைய ராத்திரி. எந்த நாள் அவருக்குக் கனமானது என்று கேட்டு, தேதியாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

பொழுது சாய்ந்து லாக்கப் ஆனால் விடியும் வரை கதவு திறக்காது. பிளான் வேலை செய்ய வேண்டியது அந்த நேரத்தில்தான். அதனால் ‘எங்கே போவாய்’ என்பதை அடித்துவிட்டு, ‘பூட்டின பிறகு என்ன செய்வாய்’ என்று மாற்றுங்கள். பதிலை நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம். தியானம் பண்ணு, மூச்சை இழு என்று நாம் சொன்னால் தலையாட்டுவார், செய்ய மாட்டார். லாரியில் போனவர், பொள்ளாச்சியில் ஏறினால் கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை என்று வண்டி நின்ற இடம், டீ குடித்த கடை எல்லாம் மனதில் ஓடும். அப்படி அவருக்கென்று ஏதாவது இருக்கும். பாட்டோ, சாமியோ, தங்கச்சிக்கு எழுதும் கடிதமோ, அவர் வாயாலேயே வரட்டும்.

‘யாரிடம் சொல்வாய்’ என்பதற்குப் பகலில் ஒரு பெயர், ராத்திரிக்கு ஒரு பெயர் வேண்டும். பகலில் வெல்ஃபேர் ஆபீசர், மருத்துவர், நீங்கள். ராத்திரி அதே செல்லில் இருப்பவர்தான். பிரிட்டனில், மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்கும் சமாரிட்டன்ஸ் என்ற தொண்டு அமைப்பு 1991இல் ஸ்வான்சி சிறையில் கைதிகளுக்கே பயிற்சி கொடுத்து, சக கைதிகளின் பேச்சைக் கேட்க வைத்தது. பிறகு அது பல சிறைகளுக்குப் பரவியது. அதற்குப் பயிற்சியும் ஆதரவும் வேண்டும். பயிற்சி இல்லாத ஒருவரைக் காவலாளி ஆக்கி, ‘இவனைப் பார்த்துக்க’ என்று பாரத்தைத் தலையில் ஏற்றாதீர்கள். ‘ஒரு மாதிரி இருந்தால் வார்டனைக் கூப்பிடு’ என்ற அளவில் அவர் சம்மதித்தால் போதும். தமிழ் தெரிந்தவராக இருப்பது நல்லது. நடு ராத்திரி அழுகிறவனால் மலையாளத்தில் விளக்கம் சொல்ல முடியாது. படிவமும் தமிழில் இருக்கட்டும். அவருக்குப் படிக்க வருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபத்தான பொருள் பற்றிய வரியை அவரிடம் எழுதி வாங்கவே வேண்டாம். அது அவர் கையில் இல்லை, நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அந்தக் காகிதம் சோதனையில் சிக்கினால் அவருக்கே வினையாகும். எந்த செல், யார் கூட, மாத்திரையை மொத்தமாகக் கொடுக்காமல் வேளாவேளைக்குக் கொடுப்பது என்பதெல்லாம் நீங்கள் சூப்ரண்டிடமும் மருத்துவரிடமும் பேச வேண்டியவை. பாதுகாப்பு என்று சொல்லி அம்மா ஃபோட்டோவையும் பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், உங்கள் கையில் இருக்கும் பெரிய மருந்து படிவமே இல்லை, வழக்குச் செய்திதான். கேஸ் என்ன ஆச்சு என்று தெரியாமல் கிடப்பதைப் போல ரிமாண்ட் ஆளை அரிப்பது வேறில்லை. எல்லை தாண்டி வந்தவருக்கு இன்னொரு கஷ்டம்: ஜாமீன் கிடைத்தாலும் உள்ளூர் ஜாமீன்தாரர் கிடைக்க மாட்டார். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இதற்காகவே சில உத்தரவுகள் போட்டது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் சூப்ரண்ட் மாவட்டச் சட்ட சேவை ஆணையச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் உங்களைப் போன்ற பி.எல்.வி.யை அனுப்பலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 479ஆவது பிரிவையும் வக்கீலிடம் கேளுங்கள். இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர், இப்போதைய குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் காவலில் கழித்திருந்தால், விதிவிலக்குகள் போக, ஜாமீனுக்கு வழி இருக்கிறது. நல்ல செய்தி இல்லாவிட்டாலும் போய்ச் சொல்லுங்கள். தள்ளுபடி ஆனதை அடுத்த ஆள் வழியாகக் கேட்பதும் உங்கள் வாயால் கேட்பதும் ஒன்றல்ல.

மறுபடி மறுபடி போவதும் வைத்தியத்தில் சேர்த்திதான். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் 1,640 பேரை வைத்து 2018இல் ஒரு ஆய்வு வந்தது. இந்தப் படிவத்தை எழுதி, பிறகு ஃபோனிலும் விசாரித்த குழுவில், அடுத்த 6 மாதத்தில் தற்கொலை நடத்தை மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதிதான் இருந்தது. எழுதிக் கொடுத்ததோடு யாரும் விட்டுவிடவில்லை. நீங்கள் வர முடியாத வாரத்தை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

விடுதலை ஆகும் நாளுக்கு இன்னொரு தாள் எழுதுங்கள். வெளியே வந்த முதல் சில வாரங்களும் ஆபத்தானவைதான். அப்போது அந்தப் பழைய படிவமே அப்படியே பொருந்தும்.

இதையெல்லாம் ஒற்றை ஆளாகச் சுமக்காதீர்கள். மனதில் கனம் ஏறினால் நீங்களும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் பேசலாம். தமிழிலும் பேசுவார்கள், 24 மணி நேரமும் இலவசம். கேரளத்தில் 1056, தமிழ்நாட்டில் 104, சட்ட உதவிக்கு 15100. கைதிகள் 14416க்குப் பேச வசதி செய்யும்படி சூப்ரண்டுக்கு மனு எழுதுங்கள். இதைப் படிக்கும் யாருக்காவது அப்படி ஒரு எண்ணம் இருந்தால், அந்த நம்பர்கள் உங்களுக்கும்தான்.