தேக்கா, சில்வர் ஓக்கா? குழந்தைக் கட்டில் கேள்வி பதில்

பதில் சொல்பவர் சேலம் அம்மாபேட்டையில் மரப்பட்டறை வைத்திருப்பவர்.

ஏற்காடு, ஒண்டிக்கடை: அண்ணா, எங்கள் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் இரண்டு விழுந்து கிடக்கிறது. பிறக்கப்போகும் குழந்தைக்குக் கட்டில் செய்யலாமா? தேக்குதான் நிற்கும் என்கிறார்கள் வீட்டில்.

தாராளமாகச் செய்யலாம்மா. நிழலுக்கும் மிளகுக்கொடி ஏற்றவும் நட்ட மரம் என்பதால் பலருக்கு அது இளக்காரம். சிக்கல் ஈரத்தில்தான் இருக்கிறது. அறுத்த கையோடு தச்சரிடம் கொடுத்துவிடாதீர்கள். பலகைகளுக்கு நடுவே ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டங்களை வைத்து அடுக்கி, மழையும் வெயிலும் படாமல் காற்றோட்டமாக விடுங்கள். காய மாதக்கணக்கில் ஆகும். ஏற்காட்டுப் பனியில் அரைகுறையாகக் காய்ந்த மரத்தில் செய்த கட்டிலைச் சேலம் வெயிலுக்கு இறக்கினால் மரம் சுருங்கி, மூட்டெல்லாம் லொடலொட என்று ஆடும். பச்சைத் தேக்குக்கும் அதே கதிதான். அப்புறம், பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதியை ஒதுக்கச் சொல்லுங்கள். மரத்தை அரிக்கும் உளுப்பூச்சி முதலில் இறங்குவது அங்கேதான். தட்டினால் மாவு கொட்டும் பலகை வேண்டவே வேண்டாம்.

அயோத்தியாப்பட்டணம்: கடையில் வாங்குகிறோம். எதைப் பார்ப்பது?

மேல் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து மூலைவாக்கில் உலுக்குங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. மரத்தில் நேராகத் திருகாணி இறக்கியிருந்தால் கழற்றிப் பூட்டப் பூட்ட ஓட்டை பெரிதாகும். உள்ளே இரும்பு நட் பதித்து போல்ட் போட்டது நாலு வீடு மாறினாலும் தாங்கும். பக்கக் கம்பிகளின் இடைவெளி 6 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சின்னது. மூலைக்கால் உச்சியில் கலசம் மாதிரி வேலைப்பாடு இருந்தால் வாங்காதீர்கள், சட்டை மாட்டிக்கொள்ளும்.

ஆத்தூர்: நான் படுத்த கட்டில் பரணில் இருக்கிறது. ஒரு பக்கச் சட்டம் மேலும் கீழும் இறங்கும். பச்சைப் பெயிண்ட். தேய்த்துப் புதுசாக்கலாமா?

வேண்டாம் தம்பி. கொக்கி தேய்ந்து சட்டம் விலகினால் குழந்தை அந்தச் சந்தில் சிக்கும். இந்த மாதிரிக் கட்டில் விற்பதையே அமெரிக்காவில் 2011இல் தடுத்துவிட்டார்கள். பெயிண்டும் பயம்தான். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் அமலுக்கு வந்தது 2017 நவம்பரில். பழைய பூச்சில் உப்புத்தாள் போட்டால் தூள் வீடெங்கும் பறக்கும். பெரியவர்கள் மனம் நோகும் என்றால் பரணிலேயே இருக்கட்டும்.

ஹஸ்தம்பட்டி: டயப்பர் மாற்றும் மேசை, அலமாரி, திண்டு எல்லாம் செட்டாகத் தருகிறார்கள். வாங்கலாமா?

மேசை தண்டம், தரையில் பாய் போதும். தலையணை, சுற்றுத் திண்டு எதுவும் கட்டிலுக்குள் கூடாது, மூச்சடைக்கும். அலமாரி வாங்கினால் சுவரோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். நிற்கப் பழகிய பிள்ளை இழுப்பறையைப் படியாக்கி ஏறும்.

ஏற்காடு, நாகலூர்: பாலிஷ் எப்போது அடிப்பது?

மழைக்காலத்தில் அரக்குப் பாலிஷ் வெளுத்துப்போகும். நல்ல வெயில் பார்த்து அடித்து, வாடை முழுக்கப் போன பிறகு அறைக்குள் கொண்டுவாருங்கள். ஈரச் சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளிப் போடுங்கள்.