லோன் பாக்கி இருக்கற பிஎம்டபிள்யூ 17 லட்சத்துக்கு வருது, வாங்கலாமா?

கேள்வி: நான் திருச்சி, சின்னதா துணி வியாபாரம். சென்னைல 2019 மாடல் பிஎம்டபிள்யூ டீசல், ஒரே ஓனர், 17 லட்சம் சொல்றார். பேங்க் லோன் 5 லட்சம் பாக்கி. 3 லட்சம் கேஷா அட்வான்ஸ் குடுத்துட்டு வண்டிய எடுத்துட்டு போங்க, லோன் முடிச்சதும் பேர் மாத்திக்கலாம், ஃபார்ம் 29, 30ல இப்பவே கையெழுத்து போட்டுத் தரேன்ங்கறார். நம்பலாமா சார்?

பதில்: தம்பி, வண்டி வாங்குங்க, வேணாம்னு சொல்லல, ஆனா அவர் சொல்ற மாதிரி வாங்காதீங்க.

அந்த ஃபார்ம்ல அவர் கையெழுத்து மட்டும் இருந்து ஒரு பிரயோஜனமும் இல்ல. ஆர்.சி.ல பேங்க் பேர் ஏறியிருக்கற வரைக்கும் பேங்க் எழுத்துல சம்மதம் குடுக்காம ஆர்டிஓ பேர் மாத்தவே கூடாது, மோட்டார் வாகனச் சட்டம் 51வது பிரிவு. நாளைக்கு அவர் ட்யூ கட்டாம விட்டா பேங்க் ஆளுங்க உங்க வீட்டு வாசல்ல வந்து வண்டிய எடுத்துட்டுப் போவாங்க, நீங்க குடுத்த காசுக்கு அவர் பின்னாடி கோர்ட்டுக்கு அலையணும். அதனால பேங்க்ல லோன முடிக்க இன்னைக்கு எவ்வளவுன்னு லெட்டர் வாங்கச் சொல்லுங்க, அந்த 5 லட்சத்த நீங்களே நேரா லோன் அக்கவுண்டுக்கு அனுப்புங்க, லோன் முடிஞ்சதுன்னு பேங்க் கையெழுத்து போடற ஃபார்ம் 35ம், ஆட்சேபணை இல்லைன்னு தர்ற என்ஓசியும் வந்தப்புறம் மீதி. கேஷ் வேணவே வேணாம், 2 லட்சமோ அதுக்கு மேலயோ கேஷா வாங்கினா வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் வரும், உங்களுக்கும் குடுத்ததுக்கு சாட்சி இருக்காது.

வண்டி கைக்கு வந்து 30 நாளுக்குள்ள உங்க ஊர் ஆர்டிஓல பேர் மாத்த எழுதிக் குடுக்கணும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 14 நாள்தான். இத நிறைய பேர் விட்டுடறாங்க. அடுத்தவங்களுக்கு அடிபட்டா குடுக்கற தேர்ட் பார்ட்டி கவர் வண்டியோட சேந்து வந்துடும், ஆனா உங்க வண்டிக்கு ஆகற சேதத்துக்கான கவர் தானா வராதுன்னு சுப்ரீம் கோர்ட் 1995லயே சொல்லிடுச்சு. இந்த மாதிரி வண்டில ஒரு ஹெட்லைட் போனாலே செலவு எவ்வளவுன்னு ஷோரூம்ல கேட்டுப் பாருங்க, புரியும்.

எனக்கு உண்மையிலேயே கவலை வேற. சென்னை வண்டி, 2023 டிசம்பர் மிக்ஜாம் மழைல எத்தனையோ கார் முங்கிச்சு. முங்கின வண்டிய பாலிஷ் போட்டு வித்தா பாத்தவுடனே தெரியாது, ஆறு மாசம் கழிச்சு ஒயரிங் ஒண்ணொண்ணா போகும். அப்படி வாங்கிட்டு என்கிட்ட வந்த ஒருத்தர்கிட்ட நான் முதல்ல கேட்டது, வெள்ளத்துல மாட்டுச்சான்னு நீங்க கேட்டீங்களான்னுதான். கேக்கல. கேஸ் அங்கயே பாதி போச்சு.

ஏன்னா 1872 ஒப்பந்தச் சட்டம் 17வது பிரிவுல ஒரு குதிரை உதாரணம் இருக்கு. குதிரைக்கு சீக்குன்னு தெரிஞ்சும் விக்கறவன் வாய மூடிட்டு இருந்தா அது மோசடி இல்ல. ஆனா வாங்கறவன் "நீ மறுக்கலைன்னா குதிரை நல்லா இருக்குன்னு எடுத்துப்பேன்"னு சொல்லி, அதுக்கப்புறமும் அவன் சும்மா இருந்தா அந்த மௌனமே பேச்சு மாதிரி. நூத்தம்பது வருஷத்துக்கு முந்தின குதிரை, உங்க காருக்கும் அதே சட்டம்தான். அதனால ஓனருக்கு வாட்ஸ்அப்ல இப்படி அனுப்புங்க: "வண்டி தண்ணில மாட்டிருக்கா, பெரிய ஆக்சிடென்ட் ஆச்சா, இன்சூரன்ஸ் கிளெய்ம் எடுத்தீங்களா? நீங்க எதுவும் சொல்லலைன்னா எதுவும் இல்லைன்னு நம்பித்தான் பணம் குடுக்கறேன்." பதில் வந்தாலும் வராட்டியும் அந்த சாட்ட அழிக்காதீங்க, அந்த போனையும் வித்துடாதீங்க.

கேட்டதோட விட்டுடவும் முடியாது, சாதாரணமா செக் பண்ணியிருந்தாலே தெரிஞ்சிருக்கும்னு அதே சட்டம் 19வது பிரிவுல எதிராளி வாதாடுவார். கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஓனரையே கூட்டிட்டுப் போய் முழு ஹிஸ்டரி எடுங்க, சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்து மண் கறை இருக்கான்னு பாருங்க, கார்பெட்ட தூக்கிப் பாருங்க. இப்போ இருக்கற பாலிசில நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் எடுக்காம இருந்தா பிரீமியத்துல கிடைக்கற தள்ளுபடி, எத்தனை சதவீதம்னு பாருங்க, ஒரே ஓனர் வச்சிருந்த வண்டிக்கு ஜீரோன்னு இருந்தா எதுக்கு கிளெய்ம் எடுத்தார்னு கேளுங்க.

டீலர்கிட்ட வாங்கினா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருஷத்துக்குள்ள போலாம், தனி ஆள்கிட்ட வாங்கினா சிவில் கோர்ட்தான், அது இழுக்கும். பேங்க் லெட்டர் வந்ததும் அதோட காப்பிய எனக்கு அனுப்புங்க, விற்பனை ஒப்பந்தத்த நானே எழுதித் தரேன், அது வரைக்கும் ஒரு ரூபாயும் அனுப்பாதீங்க.