இருபது முகப் பகடை: கேட்டவையும் சொன்னவையும்

ஆளுக்கொரு கற்பனை மனிதராக மாறிக் கதைக்குள் ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுகளை (ஆங்கிலத்தில் ஆர்.பி.ஜி.) பற்றிக் கேளுங்கள் என்றதும் வந்து குவிந்தவற்றில் சில.

கேள்வி: கணினியில் ஆர்.பி.ஜி. ஆடுகிறவன் நான். இதன் ஆரம்பம் எது, அண்ணா?

பதில்: காகிதமும் பென்சிலும்தான், தம்பி. 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டு வெளிவந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர், முதல் அச்சு 1,000 பிரதிகள். எழுதியவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும். இருவரும் பொம்மை வீரர்களை மேசையில் நகர்த்திப் போர் விளையாடியவர்கள்.

அந்தப் போர் விளையாட்டின் வேர் பிரஷ்ய ராணுவத்தில் இருக்கிறது. 1824லேயே அங்கே அதிகாரிகள் வரைபடத்தின்மேல் போர் பழகினார்கள், நடுவர் ஒருவர் தீர்ப்புச் சொன்னார். 1960களின் இறுதியில் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர், ஆளுக்கொரு படையைத் தருவதற்குப் பதில் ஊரில் ஆளுக்கொரு மனிதரின் வேடத்தைக் கொடுத்துப் பார்த்தார். என்னைக் கேட்டால் எல்லாம் மாறிய இடம் அதுதான். அதில் ஆடிய ஆர்னசன், தன் ஆட்டக்காரர்களைக் கோட்டைக்கு அடியிலுள்ள சுரங்கங்களுக்குள் இறக்கிவிட்டார்.

கேள்வி: பாத்திரம் எத்தனை அடி தாங்கும் என்று காட்டும் ‘ஹிட் பாயிண்ட்’ யார் கண்டுபிடிப்பு?

பதில்: ஆர்னசனுடையது. முதலில் ஓர் அடி விழுந்தாலே ஆள் காலி. ஆனால் ஆட்டக்காரர்களுக்குத் தங்கள் பாத்திரங்கள்மீது பாசம் வந்துவிட்டது. சாக விட மனமில்லை. போர்க்கப்பல் சண்டைக்காகத் தாம் முன்பு எழுதிய விதிகளிலிருந்து, கப்பல் எத்தனை அடி தாங்கும் என்ற கணக்கை எடுத்து மனிதனுக்குப் பொருத்தினார். இன்று உங்கள் திரையில் குறையும் சிவப்புக் கோடு ஒரு கப்பலின் மிச்சம்.

கேள்வி: அந்த விநோதமான பகடைகள்?

பதில்: நம் தாயக்கட்டைக்கு நான்கு பக்கம், இதற்கு இருபது முகம். கணிதம் கற்பிக்கப் பள்ளிகளுக்கு விற்ற வடிவங்கள் அவை. பட்டியல் ஒன்றில் பார்த்துத்தான் வாங்கினார்கள். என்னிடம் 80களின் பகடை ஒன்று இருக்கிறது. எண்கள் குழியாக மட்டும் இருக்கும், நிறம் இராது. கூடவே வரும் மெழுகுக் குச்சியைத் தேய்த்து நாமே நிரப்ப வேண்டும்.

கேள்வி: என் மகன் வாரந்தோறும் ஆடுகிறான். இது பிள்ளைகளைக் கெடுக்கும் என்று அமெரிக்காவில் எதிர்த்தார்களாமே?

பதில்: எதிர்த்தார்கள், அம்மா. 1979இல் மிச்சிகனில் ஒரு மாணவர் காணாமல் போனார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடித்தான் பல்கலைக்கழகத்தின் நீராவிச் சுரங்கத்தில் தொலைந்திருப்பார் என்று செய்தி பரவியது. அவர் பிறகு உயிரோடு கிடைத்தார்; காரணம் அவருடைய சொந்த மனத்துயரம். பழி விளையாட்டின்மேல் ஒட்டிக்கொண்டது. 80களில் சாத்தான் வழிபாடு என்றுகூடச் சொன்னார்கள். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதை வெளியிட்ட நிறுவனமே பேய்களின் பெயர்களை மாற்றியது. பயப்படாதீர்கள், இரவு எத்தனை மணிக்கு முடிக்கிறான் என்பதை மட்டும் பாருங்கள்.

கேள்வி: புது விளையாட்டைப் பள்ளி நாளில் வெளியிடக் கூடாது என்று ஜப்பானில் சட்டமே போட்டார்களாம், உண்மையா?

பதில்: கட்டுக்கதை. 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை, டிராகன் குவெஸ்ட் என்ற வீடியோ ஆர்.பி.ஜி.யின் மூன்றாம் பாகம் வெளியானது. பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். அதன் பிறகு விடுமுறை நாளில் வெளியிடுவது என்று நிறுவனமே முடிவு செய்தது, அவ்வளவுதான்.

கேள்வி: இவ்வளவு நல்ல கணினி விளையாட்டுகள் இருக்கும்போது மேசையைச் சுற்றி ஏன் உட்கார வேண்டும்?

பதில்: 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3ஐ நானும் ரசித்து ஆடினேன். ஆனால் அதில், யாரோ முன்பே எழுதி வைத்த பதில்தான் வரும். போன மாதம் எங்கள் மேசையில் பூட்டிய கோட்டைக் கதவு. பகடையை எடுக்காமலே ஒருவர், “கதவைத் தட்டி, பால்காரன் என்கிறேன்” என்றார். கதையை நடத்தும் நடுவர் அரை நொடி யோசித்தார். காவலன் கதவைத் திறந்து, “நேற்று ஏன் வரவில்லை?” என்றான். அன்றிரவு நாங்கள் புதையலைத் தேடவே இல்லை. பால் பாக்கிக் கணக்கிலேயே இரண்டு மணி நேரம் போனது.