பிளேனர் ஸ்பீக்கரில் பேஸ் ஏன் மெலிகிறது?

கேள்வி: நான்கடி உயரமும் ஒன்றேகால் அடி அகலமும் கொண்ட பிளேனர் மேக்னெடிக் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினேன். குரலும் வீணையும் அருமை. பேஸ் கிதாரின் தாழ்ந்த ஒலி மட்டும் எடுபடவில்லை. அதிக வாட் ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: சரியாகாது, ஆம்ப்ளிஃபயரின் திறன் போதாமல் இது நேரவில்லை. பெட்டி ஸ்பீக்கரில் கூம்பின் பின்புறம் எழும் ஒலி பெட்டிக்குள் அடைபட்டுவிடும். பிளேனரில் பெட்டியே கிடையாது. காந்தங்களுக்கு அருகே விரித்த மெல்லிய படலம் முன்புறக் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்புறக் காற்றை இழுப்பதால், இரு பக்கமும் நேரெதிர்க் கட்டத்தில் ஒலி பிறக்கிறது. அலைநீளம் குறைந்த மேல் அதிர்வெண்களுக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. ஆனால் பேஸ் கிதாரின் அடித்தந்தி எழுப்பும் 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8 மீட்டருக்கும் அதிகம். அதற்கு முன்னால் உங்கள் பேனலின் 38 செ.மீ. அகலம் ஒரு தடையே அல்ல. பின்னொலி விளிம்பைச் சுற்றி வந்து முன்னொலியைத் தின்றுவிடுகிறது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே, ஓர் ஆக்டேவ் இறங்கும்போதெல்லாம், அதாவது அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம், ஏறத்தாழ 6 டெசிபல் இப்படிக் குறையும்.

குறைந்ததை ஈடுகட்டி அதே அளவு ஒலி வேண்டுமென்றால், ஓர் ஆக்டேவ் கீழே படலம் எட்டு மடங்கு கூடுதலாக அசைய வேண்டும். காந்தங்களுக்கும் படலத்துக்கும் இடையே இருப்பதோ சில மில்லிமீட்டர்தான். ஆகவே வாட்டை ஏற்றினால் பேஸ் பெருகாது, படலம் காந்தத்தில் மோதிப் படபடக்கும். (1957இல் வந்த குவாட் எலக்ட்ரோஸ்டாட்டிக் என்ற பெட்டியில்லாப் படல ஸ்பீக்கரும் இதே எல்லைக்கு உட்பட்டதுதான், குரலுக்காக அதை இன்றும் கொண்டாடுகிறார்கள்.)

முதலில் செலவில்லாத வேலையைச் செய்யுங்கள். பெட்டி ஸ்பீக்கரைச் சுவரருகே தள்ளினால் பேஸ் கூடும். பிளேனரில் நடப்பது நேர்மாறு. எதிர்க்கட்டப் பின்னொலி அருகிலுள்ள சுவரில் பட்டு உடனே திரும்பி முன்னொலியோடு கலப்பதால் பேஸ் இன்னும் வற்றும். பின்சுவரிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் முன்னே இழுத்து வைத்து, பிறகு அரையடி அரையடியாக நகர்த்திக் கேளுங்கள்.

அதன் பிறகும் குறை தோன்றினால், பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கரில் மூடிய பெட்டி வகை ஒன்றைச் சேர்த்து, பேனலுக்கும் அதற்கும் ஒலியைப் பிரிக்கும் பிரிப்பெல்லையை 60 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள் வையுங்கள். பலர் சப்வூஃபரைச் சேர்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். பேனலுக்குச் செல்லும் கீழ் அதிர்வெண்களையும், மேல் அதிர்வெண்களை மட்டும் விடும் ஹை-பாஸ் வடிகட்டியால் வெட்டினால்தான் படலத்தின் சுமை குறைந்து, குரலும் இன்னும் தெளியும். சப்வூஃபரின் ஒலியளவைத் தனியாகக் காதுக்குத் தெரியாத அளவுக்குத் தணித்தே வையுங்கள்.