வாசகர் கேள்வி – பதில்: குடும்பப் படம் எடுக்கும் நாளுக்கு முன்

ஸ்டுடியோவுக்குப் போகாமல், சொந்த வீட்டிலோ கடற்கரையிலோ குடும்பத்தார் அனைவரும் கூடிப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பெருகிவருகிறது. அதற்குச் செய்துகொள்ள வேண்டிய முன்னேற்பாடுகள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் புகைப்படக் கலைஞர் ஒருவர் அளிக்கும் பதில்கள்.

பொங்கல் விடுமுறையில் காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் பூர்விக வீட்டில் நான்கு தலைமுறையினர் 18 பேர் கூடுகிறோம். எங்கள் அப்பத்தாவுக்கு 86 வயது. வீட்டிலேயே குடும்பப் படம் எடுக்க விரும்புகிறோம். ஏற்பாடுகளை எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, கோயம்புத்தூர்

முதலில் நேரத்தைத் தீர்மானியுங்கள், அடுத்து இடம், உடை அதற்கும் பிறகுதான். பெரும்பாலான குடும்பங்களில் இது தலைகீழாக நடக்கிறது. ஒரே நிறத்தில் துணியெல்லாம் எடுத்து முடித்துவிட்டு, எங்கே நிற்பது என்பதைப் படம் எடுக்கும் நாளன்று காலையில்தான் யோசிக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் நேரத்தைக் குறிக்க வேண்டியவர் அப்பத்தாதான். அவர் எந்த வேளையில் தெம்பாக இருப்பார், மருந்து எப்போது சாப்பிடுவார், தொடர்ந்து எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பொங்கலன்று படம் வேண்டாம். அடுப்படியில் இருப்பவர்கள் அன்று முழுவதும் நின்றுகொண்டே இருப்பார்கள். அவர்களை அவசரமாக முகம் கழுவி வரச் சொல்லி எடுக்கும் படத்தில் களைப்புத்தான் தெரியும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ, காலைச் சிற்றுண்டி முடிந்து 10 மணியிலிருந்து 11:30 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலை இளவெயில்தானே படத்துக்கு நல்லது என்று நீங்கள் கேட்கலாம். திறந்தவெளிக்கு அது பொருந்தும். செட்டிநாட்டு வீட்டுக்குள் கணக்கு வேறு. வளவு எனப்படும் உள்கட்டின் நடுவிலுள்ள முற்றத்தின் வழியாகத்தான் வெளிச்சம் உள்ளே இறங்குகிறது. வெயில் ஓரளவு உயர்ந்த பிறகே அது தரையைத் தொடும். தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், முற்பகல் வெயில் முற்றத்தின் வடபகுதியில் விழும். தெற்குத் தாழ்வாரம் முழுவதும் நிழலில் இருக்கும். அந்தத் தெற்குத் தாழ்வாரத்தின் விளிம்பில், முற்றத்தைப் பார்த்தபடி குடும்பத்தை நிறுத்துங்கள். எதிரே வெயில் பட்ட தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் திரும்பி வரும் மென்மையான வெளிச்சம் எல்லா முகங்களிலும் ஒரே சீராகப் படும்; யாரும் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்காது. முதியவர்களின் முகத்துக்கு இதைவிடப் பரிவான வெளிச்சத்தை எந்த விளக்காலும் கொண்டுவர முடியாது என்பது என் உறுதியான கருத்து.

இதில் நுணுக்கமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முற்றத்தின் தரை கருங்கல்லாக இருந்தால் வெளிச்சம் குறைவாகத்தான் திரும்பி வரும். சிவப்பும் பச்சையுமான ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரையாக இருந்தால் அந்த நிறமே தாடைக்கு அடியில் ஏறிவிடும். வெயில் விழும் இடத்தில், கேமராவின் பார்வையில் படாதபடி, இரண்டு மூன்று வெள்ளை வேட்டிகளை விரித்துவிடுங்கள். முகங்கள் சட்டென்று தெளிவதை நீங்களே நேரில் பார்க்கலாம்.

தாழ்வாரத்தின் உயரம் உங்களுக்கு இயல்பான படிக்கட்டாக உதவும். அப்பத்தாவும் அவர் வயதை ஒட்டியவர்களும் மரப் பெஞ்சிலும் நாற்காலியிலும் நடுவில் அமரட்டும். சிறுவர்கள் அவர்கள் காலடியில் பாய் விரித்து உட்காரட்டும். மற்றவர்கள் பின்னால் நிற்கட்டும். வரிசைகளுக்கு இடையே இடைவெளி கூடாது. முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் தூரம் கூடினால் ஏதோ ஒரு வரிசை மங்கலாகிவிடும். அகலக்கோண லென்ஸில் ஓரத்தில் நிற்பவர்களின் உடல் அகன்று தெரியும் என்பதால், புகைப்படக் கலைஞர் எதிர்த் தாழ்வாரம் வரை பின்னால் போய் நின்று எடுக்க இடம் ஒழித்துக் கொடுங்கள்.

படம் எடுப்பதற்குச் சில நாட்கள் முன்பு, ஊரிலுள்ள உறவினர் ஒருவரை அதே நேரத்தில் வளவைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெயில் எதுவரை வருகிறது என்பதோடு, தூணோரம் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், தொங்கும் ஒயர், தண்ணீர் கேன் எல்லாம் அதில் தெரிந்துவிடும். அவற்றை அகற்றிவிடுங்கள். சுவரிலுள்ள முன்னோர் படங்களை மட்டும் கழற்ற வேண்டாம். அவர்களும் இந்தப் படத்தில் இருக்க வேண்டியவர்கள். அவற்றின் கண்ணாடியில் முற்றத்து வெளிச்சம் பளிச்சிட்டால், சட்டத்தின் மேற்பகுதிக்குப் பின்னால் சிறு அட்டையை வைத்து முன்னால் சாய்த்தாலே போதும்.

18 பேரும் சேர்ந்த படத்தை முதலில் எடுத்துவிடுங்கள். அடுத்து அப்பத்தாவும் பிள்ளைகளும், அப்பத்தாவும் பேரப்பிள்ளைகளும், அப்பத்தாவும் கொள்ளுப்பேரக் குழந்தையும் என்று அவர் இருக்க வேண்டிய படங்கள் அனைத்தையும் முடித்து அவரை உள்ளே ஓய்வெடுக்க அனுப்பிய பிறகே தனித்தனிக் குடும்பங்களை எடுக்க வேண்டும். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி, எல்லோரையும் பெயர் சொல்லி, முறை சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள். வெளியூரிலிருந்து வரும் புகைப்படக் கலைஞருக்கு யார் சித்தப்பா, யார் மாப்பிள்ளை என்று தெரியாது.

எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்த வேண்டுமா? பட்டுப் புடவை கட்டலாமா?
– வாசகி, மதுரை

ஒரே நிறம் வேண்டாம் என்பதே என் கருத்து. எல்லோரும் ஒரே நிறத்தில் நின்றால் யாருடைய முகமும் தனித்துத் தெரியாது. ஒன்றுக்கொன்று இசைந்துபோகும் மூன்று நான்கு நிறங்களைத் தேர்ந்துகொண்டு, அவற்றுக்குள் அவரவர் விருப்பப்படி உடுத்தச் சொல்லுங்கள். அரக்கு, கடுகு மஞ்சள், இலைப் பச்சை, சந்தன நிறம் ஆகியவை பழைய வீட்டின் மரத்துக்கும் சுண்ணாம்புச் சுவருக்கும் நன்றாகப் பொருந்துகின்றன. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சும் ராணி கலரும் பக்கத்தில் நிற்பவரின் கன்னத்தில் தம் நிறத்தை ஏற்றிவிடும். தூக்கி வைத்திருக்கும் குழந்தையின் முகத்தில் இது மிகவும் தெரியும்.

பட்டு தாராளமாகக் கட்டலாம். அகலச் சரிகை மட்டும் நேர் வெயிலிலும் ஃபிளாஷிலும் வெள்ளையாக வெடித்துத் தெரியும் என்பதால் நிழலில் நில்லுங்கள். பெரிய கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலை படத்தில் மிக அழகாக இருக்கும். ஆண்களின் சட்டையில் நெருக்கமான பொடிக் கோடுகளும் பொடிக் கட்டங்களும் வேண்டாம். டிஜிட்டல் கேமராவில் அவற்றின்மேல் இல்லாத அலைகள் ஓடுவதுபோல் தெரியும். புதுத் துணியை முந்தைய நாளே ஒருமுறை உடுத்திப் பாருங்கள். கழுத்தை உறுத்தும் சட்டையும் இடுப்பில் நிற்காத பாவாடையும் முகத்தைக் கெடுத்துவிடும்.

மல்லிகையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதிகாலையில் பறித்த மொக்கு அன்று மாலையில்தான் மலரும். மறுநாள் காலையில் இதழோரம் பழுத்துவிடும். ஆகவே காலையில் படம் எடுப்பதென்றால் முந்தைய நாள் வாங்கிய சரத்தைத் தவிர்த்து, அன்று காலை வரும் மொக்கையே கட்டி வாங்குங்கள்.

என் தந்தையின் மூக்குக்கண்ணாடி வெயிலில் கறுத்துவிடுகிறது. கண்ணாடி இல்லாமல் அவரைப் பார்த்தால் அவராகவே தெரியவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

அந்த வகைக் கண்ணாடி புற ஊதாக் கதிர் பட்டால் கறுக்கும். நிழலுக்கு வந்த பிறகும் தெளியச் சில நிமிடங்கள் ஆகும். திறந்தவெளி நிழலில்கூட ஓரளவு கறுப்பு இருக்கும். கறுக்காத பழைய கண்ணாடி இருந்தால் அதைத் தேடி எடுத்துத் துடைத்து வையுங்கள். இல்லையென்றால் வீட்டுக்குள் அமர்ந்து எடுப்பதுதான் வழி. கண்ணாடியில் வெளிச்சம் பிரதிபலித்தால், காதின் மேல் படியும் காம்புகளை இம்மியளவு உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். வில்லை கீழ்நோக்கிச் சாய்ந்து கண்கள் தெளிவாகத் தெரியும்.

எங்கள் இரண்டு வயதுக் குழந்தை கேமராவைப் பார்த்தாலே அழுகிறான்.
– வாசகி, சேலம்

படம் எடுப்பவர் வந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவர் உங்களோடு உட்கார்ந்து காபி குடிக்கட்டும். குழந்தை அவரைச் சுற்றி வந்து பார்க்கட்டும். தூங்கி எழுந்து, வயிறு நிறைந்த நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் கொடுப்பதற்குப் பொரியோ பிஸ்கட்டோ இருக்கட்டும். சாக்லேட் உடையெல்லாம் கறையாக்கிவிடும்.

“இங்கே பாரு, சிரி, சிரி” என்று பத்துப் பேர் பத்துத் திசையிலிருந்து கூப்பிடுவதுதான் பெரும்பாலான குழந்தைகளை அழவைக்கிறது. கேமராவுக்கு நேர் பின்னால் நின்று ஒருவர் மட்டும் கூப்பிடட்டும். பெரியவர்கள் குழந்தையைத் திரும்பிப் பார்க்காமல் கேமராவையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். குழந்தை திரும்பும் அந்த ஒரு கணத்தில் எல்லோருடைய முகமும் தயாராக இருந்தால் படம் கிடைத்துவிடும். அழுதால் அதட்ட வேண்டாம். தாத்தாவின் தோளில் முகம் புதைத்து அழும் படமும் வைத்துக்கொள்ள வேண்டிய படமே.

மாமல்லபுரத்தில் கடலும் கோயிலும் பின்னணியில் தெரியும்படி எடுக்க நினைக்கிறோம். சூரிய உதயத்தில் எடுக்கலாமா? அனுமதி வாங்க வேண்டுமா?
– வாசகர், சென்னை

கிழக்குக் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. கடலைப் பின்னணியாக வைத்து உதய நேரத்தில் நின்றால் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். வானம் அழகாக வரும், முகம் கறுத்துவிடும். திரும்பி நின்றால் கண் கூசும், பின்னணியில் கடலும் இருக்காது. குடும்பப் படத்துக்கு நான் மாலையையே பரிந்துரைப்பேன். சூரியன் மேற்கே மரங்களுக்குப் பின்னால் இறங்கிய பிறகு, கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் உங்கள் முகத்தில் வானத்தின் மெல்லிய வெளிச்சம் படும். அஸ்தமனத்துக்குப் பின்னும் ஏறத்தாழ கால் மணி நேரம் எடுக்கலாம். சென்னைப் பகுதியில் நவம்பர் இறுதியில் 5:40 மணியை ஒட்டியும் ஜூலையில் 6:40 மணியை ஒட்டியும் சூரியன் மறைகிறது. அதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லோரும் அங்கே இருக்க வேண்டும்.

மாலைக் கடற்காற்று முதுகுப் பக்கத்திலிருந்து வீசும் என்பதால் விரித்த கூந்தல் முழுவதும் முகத்தில் வந்து விழும். பின்னிக்கொள்ளுங்கள், முந்தானையை மடித்துப் பின் குத்துங்கள். அலை அங்கே வேகமானது. படத்துக்காக யாரையும், அதிலும் குழந்தைகளையும் முதியவர்களையும், தண்ணீருக்குள் இறக்க வேண்டாம்.

கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டவை. நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு கையில் பிடித்த கேமராவில் குடும்ப நினைவுக்காக எடுப்பது வேறு. முக்காலி, விளக்கு, உதவியாளர் என்று தொழில்முறையில் எடுப்பது வேறு. பின்னதற்குத் துறையின் முன்அனுமதி வேண்டும். புகைப்படக் கலைஞரே வாங்கிவிடுவார் என்று இருந்துவிடாமல், கடிதத்தை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டால் மாலை வெளிச்சம் உங்களுக்காகக் காத்திருக்காது.

வழிபாடு நடக்கும் கோயிலுக்குள் எடுக்கலாம் என்ற எண்ணத்தைக் கைவிட்டுவிடுங்கள். கோயில்களுக்குள் கைபேசி கொண்டு செல்வதைத் தடைசெய்யும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. சுவாமி தரிசனம் முடித்து வெளியே வந்து, தெப்பக்குளத்துப் படியிலோ அக்ரகாரத் திண்ணையிலோ உரியவர்களிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

எத்தனை முறை எடுத்தாலும் குழுப்படத்தில் யாராவது ஒருவர் கண்ணை மூடிவிடுகிறார்களே?
– வாசகர், ஈரோடு

இதை முறையாகக் கணக்கிட்டே பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவைச் சேர்ந்த நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும் இதற்காக 2006ஆம் ஆண்டின் கணிதத்துக்கான இக் நோபல் பரிசு (சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான வேடிக்கைப் பரிசு) பெற்றனர். 20 பேருக்கும் குறைவான குழுவென்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றாலும், மங்கிய வெளிச்சத்தில் இரண்டாலும் வகுத்து, வரும் எண்ணிக்கையளவு படம் எடுத்தால் எல்லோரும் கண் திறந்த படம் ஒன்றாவது பெரும்பாலும் கிடைக்கும் என்பது அவர்கள் சொன்ன வழி. 18 பேருக்கு நல்ல வெளிச்சத்தில் 6 படம், மங்கிய வெளிச்சத்தில் 9 படம். ஆகவே ஒரு படம் எடுத்ததும் கலைந்துவிடாதீர்கள். படம் எடுப்பவர் போதும் என்று சொல்லும்வரை நில்லுங்கள்.

புகைப்படக் கலைஞரிடம் முன்கூட்டியே எவற்றையெல்லாம் பேசி முடிவு செய்ய வேண்டும்?
– வாசகி, நாகர்கோவில்

எத்தனை மணி நேரம், திருத்தி முடித்த படங்கள் எத்தனை, எப்போது கைக்கு வரும், பயணச் செலவு யாருடையது, முன்பணம் எவ்வளவு ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் எடுப்பதாக இருந்தால் மழை வந்தால் மாற்று நாள் எது, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் கேளுங்கள். உங்கள் படங்களை அவர் தம் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா கூடாதா என்பதையும், குறிப்பாகக் குழந்தைகளின் படங்கள் பற்றி, தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

கோப்புகளை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொல்லாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். 12க்கு 18 அங்குல அளவில் அச்சிட்டு மாட்ட, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் 3600க்கு 5400 புள்ளிகள் வேண்டும். முழு அளவுக் கோப்புகளைப் பென்டிரைவிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ வாங்கி, இரண்டு வெவ்வேறு வீடுகளில் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அச்சுப் பிரதியை முதலில் பெரியவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். ஆல்பம் பிறகு மெதுவாக வரட்டும்.